வீட்டிலிருந்து எழுதும் தேர்வு: அந்த மார்க்கை எப்படி நம்புவது?

மார்க் ஷீட்டில் 72 என்று அச்சாகி வந்தால், பல்கலைக்கழகம் இரண்டு விஷயங்களுக்குப் பொறுப்பேற்கிறது என்று அர்த்தம். அந்த 72-ஐ வாங்கியவர் அந்தப் பதிவெண்ணுக்கு உரியவர்தான், வேறு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பது ஒன்று. அந்தப் பாடத்தில் அந்த அளவுக்கு அவருக்கு விஷயம் தெரியும் என்பது இன்னொன்று. முன்னது நேர்மை, பின்னது தரம்.

தேர்வுக்கூடத்தில் நேர்மைக்கு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஹால் டிக்கெட்டில் போட்டோ, தள்ளித் தள்ளி இருக்கை, நடுவில் உலாவும் மேற்பார்வையாளர், சொல்லாமல் கொள்ளாமல் நுழையும் பறக்கும் படை. பிட் அடிப்பவர்கள் அங்கும் உண்டுதான். ஆனாலும் ஊர் நம்புகிற அளவுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. தேர்வு வீட்டுக்குப் போனதும் இந்த ஏற்பாடு மொத்தமும் கழன்றுவிடுகிறது. உடனே எல்லோரும் நேர்மையைக் காப்பாற்ற ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தில் தரம் கைநழுவிப் போவதை யாரும் கவனிப்பதில்லை. தொலைநிலைத் தேர்வைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இந்தச் சிக்கல்தான்.

தூரத்தில் இருந்து படித்துப் பட்டம் வாங்குவது புதிய சங்கதி இல்லை. லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே கல்லூரிக்கு வராதவர்களும் தேர்வெழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. 1921-ல் கொழும்பில் தொடங்கிய யுனிவர்சிட்டி காலேஜ் தன் மாணவர்களை லண்டன் பட்டத்துக்குத்தான் தயார் செய்தது. நம் பக்கம் 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ), 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இவை எல்லாவற்றிலும் வழக்கம் ஒன்றுதான்: எங்கே படித்தாலும் சரி, தேர்வுக்கு மட்டும் மையத்துக்கு வந்தாக வேண்டும். படிப்பை வீட்டில் விட்டார்கள், தேர்வை விடவில்லை. 2020-ல் கொரோனா வந்துதான் அதையும் வீட்டுக்கு அனுப்பியது.

ஒரே ஆண்டு, இரண்டு வழிகள்

2020 ஜூலை 6 அன்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இறுதி செமஸ்டர் தேர்வை செப்டம்பர் முடிவுக்குள் நேரிலோ ஆன்லைனிலோ இரண்டும் கலந்தோ நடத்தியே ஆகவேண்டும் என்றது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்வைத் தள்ளிவைக்க மாநிலங்கள் அனுமதி கேட்கலாம், ஆனால் தேர்வே இல்லாமல் இறுதி ஆண்டு மாணவர்களுக்குப் பட்டம் தர முடியாது என்று ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. பல்கலைக்கழகங்களுக்குத் தப்பிக்க வழியில்லை.

டெல்லி பல்கலைக்கழகம் புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதச் சொன்னது. கேள்வித்தாளை டவுன்லோடு செய்து, தாளில் விடை எழுதி, ஸ்கேன் செய்து அப்லோடு செய்ய வேண்டும். எழுத 2 மணி நேரம், டவுன்லோடு அப்லோடுக்கு 1 மணி நேரம். மாதிரித் தேர்விலேயே போர்ட்டல் திணறியது. பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள் உட்படப் பலர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தேர்வை நடத்த அனுமதித்த நீதிமன்றம், குறைகளைக் கேட்க ஒரு குழு வேண்டும் என்பது உட்பட நிபந்தனைகளையும் சேர்த்தே விதித்தது.

அண்ணா பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. ஒரு மணி நேரம், கொள்குறி வினாக்கள், கேமரா வழியே செயற்கை நுண்ணறிவு (ஏஐ) கண்காணிப்பு. 2020 நவம்பர், டிசம்பரில் நடந்திருக்க வேண்டிய செமஸ்டர் தேர்வு 2021 தொடக்கத்தில் இப்படி நடந்தது. முடிவு வந்தபோது ஏராளமானவர்கள் ஃபெயில். முறைகேடு சந்தேகத்தில் பலரின் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. தலையைத் திருப்பினோம், பக்கத்து அறையில் சத்தம் கேட்டது, நெட் கட் ஆனது, அதற்கெல்லாமா தண்டனை என்று மாணவர்கள் கொதித்தார்கள். 2021 மே மாதம் ஆட்சி மாறியதும், உயர்கல்வித் துறை அமைச்சராக வந்த பொன்முடி மறுதேர்வு அறிவித்தார். அந்த மறுதேர்வு மூன்று மணி நேரம், தாளில் எழுதும் முறை. கேமராவை நம்பி எடுத்த முடிவை, பேனாவையும் தாளையும் கொண்டுவந்து திருத்த வேண்டியதாயிற்று.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெல்லியின் கேள்வி, ‘புத்தகம் கையில் இருந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி வினாத்தாள் எடுக்க முடியுமா?’ என்பது. சென்னையின் கேள்வி, ‘புத்தகத்தைப் பார்க்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்பது. இரண்டாவது கேள்விக்குச் செலவு அதிகம், பலன் குறைவு என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறேன்.

கேமராவுக்கு என்ன தெரியும்?

தேர்வெழுதுபவரைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்குப் புரொக்டரிங் என்று பெயர். அதில் சில வகைகள் உண்டு. ஒரு மனிதர் வேறொரு ஊரில் உட்கார்ந்து பல மாணவர்களின் வீடியோவை நேரலையில் பார்ப்பது ஒன்று. பதிவு செய்து வைத்துப் பிறகு பார்ப்பது இன்னொன்று. மென்பொருளே பார்த்து, சந்தேகப்பட்ட இடங்களில் கொடி காட்டுவது மூன்றாவது. இவற்றோடு, தேர்வு முடியும்வரை வேறு பக்கம் எதையும் திறக்கவிடாத லாக்டவுன் பிரவுசரும் சேர்ந்துகொள்ளும்.

மென்பொருளுக்கு எண்ணம் தெரியாது, அசைவுதான் தெரியும். கண் திரையை விட்டு விலகியது, முகம் சட்டகத்தில் இல்லை, இரண்டாவது முகம் தெரிகிறது, பேச்சுச் சத்தம் கேட்கிறது. காப்பி அடிப்பவரும் கீழே பார்க்கிறார், கணக்குப் போட ரஃப் தாளைப் பார்ப்பவரும் கீழேதான் பார்க்கிறார்.

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 30 மாணவர்கள் தாமாக முன்வந்து ஒரு தேர்வை எழுதினார்கள். அதில் 6 பேரைக் காப்பி அடிக்கச் சொன்னார்கள். 5 பேரை, காப்பி அடிக்காமல் வெறுமனே பதற்றமாக நடந்துகொள்ளச் சொன்னார்கள். கண்காணித்தது புரொக்டோரியோ என்ற பிரபலமான மென்பொருள். காப்பி அடித்த ஆறு பேரில் ஒருவரைக்கூட அது முறைகேட்டாளர் என்று காட்டவில்லை. தனியாக வீடியோவைப் பார்த்த மனிதரும் ஒருவரைத்தான் பிடித்தார். சின்னச் சோதனைதான், அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் விற்பனை விளம்பரத்தில் வரும் நம்பிக்கையோடு ஒப்பிட்டால் யோசிக்க வைக்கிறது.

அடுத்தது, கொடி காட்டியதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது. புரொக்டர்யூ என்ற நிறுவனம் 2021 மே மாதத்தில், ஏஐ மட்டும் பார்க்கும் சேவையை இனி விற்கப்போவதில்லை என்று அறிவித்தது. மென்பொருள் சந்தேகப்பட்ட தேர்வுகளில் சுமார் 11 சதவீதத்தைத்தான் கல்லூரிகள் திரும்பிப் பார்த்தன என்பது அவர்களே சொன்ன காரணங்களில் ஒன்று. மீதிப் பேரின் கதி? ஒன்று கொடியையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். இரண்டுமே தப்பு.

கொடியைத் தீர்ப்பாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. 1,000 பேர் தேர்வு எழுதுகிறார்கள், 40 பேர் காப்பி அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அவர்களில் முக்கால்வாசிப் பேரைப் பிடித்துவிடுகிறது: 30 பேர். நேர்மையாக எழுதியவர்களில் 5 சதவீதம் பேரைத் தவறாகச் சந்தேகப்படுகிறது: 960-ல் 48 பேர். ஆக, பட்டியலில் 78 பெயர்கள். அதில் 48 பேர் ஒரு தப்பும் செய்யாதவர்கள். பிழை வெறும் 5 சதவீதம்தான் என்று கேட்டால் சின்னதாகத் தெரிகிறது. பட்டியலைக் கையில் வாங்கும் துறைத் தலைவருக்குப் பாதிக்கு மேல் தவறான பெயர்கள்.

இது போக வீட்டுக்குள் நுழையும் பிரச்சினை. அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரை, தேர்வு தொடங்குமுன் கேமராவால் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். வழக்குப் போட்டார். அரசுப் பல்கலைக்கழகம் அப்படிக் கேட்டது, காரணமின்றி வீட்டைச் சோதனையிடக் கூடாது என்கிற அரசியல் சாசனப் பாதுகாப்பை மீறியது என்று 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது. ஆனால் ஒரே அறையில் நாலு பேர் படுத்து எழும் வீட்டில், ‘உங்கள் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது’ என்கிற விதியை எழுதுபவர் அந்த வீட்டுக்குள் ஒருமுறை போய்ப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேமரா வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க அது உதவும். பார்க்கிறார்கள் என்ற எண்ணமே சிலரைக் கட்டிப்போடும். ஆனால் அது காட்டும் கொடி, விசாரணையைத் தொடங்குவதற்கான ஒரு குறிப்பு மட்டுமே. அந்த இடத்தில் அதை நிறுத்தத் தெரிய வேண்டும்.

வினாத்தாளில் செய்ய வேண்டிய வேலை

காப்பி அடிக்க நேரம் கொடுக்கக் கூடாது என்று தேர்வை இறுக்குவது பலர் செய்வது. 40 நிமிடத்தில் 60 கேள்வி, போன கேள்விக்குத் திரும்ப முடியாது. இதில் காப்பி குறையலாம். ஆனால் வேகமாகப் படிப்பவர், நல்ல நெட் உள்ளவர், ஆங்கிலம் பழகியவர் ஆகியோர் முன்னால் வந்துவிடுவார்கள். பாடம் தெரிந்தவர் யார் என்ற கேள்வி பின்னால் போய்விடும். நேர்மைக்காகத் தரத்தைப் பலி கொடுப்பது என்றால் இதுதான்.

வினாவங்கி இதைவிட நல்ல வழி. 20 கேள்விகள் கொண்ட தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து மாற்று வடிவங்கள் எழுதிவைத்தால், இரண்டு நண்பர்களுக்குச் சராசரியாக 4 கேள்விகள்தான் ஒன்றாக வரும். வாட்ஸ்அப் குழுவில் ‘பதினோராவது கேள்விக்கு என்னடா விடை?’ என்று கேட்பதில் அவ்வளவாக அர்த்தம் இருக்காது. ஆனால் ஐந்து வடிவங்களும் ஒரே கடினத்தில் இருக்க வேண்டும். ஒருவருக்கு லட்டு மாதிரி கேள்வியும் இன்னொருவருக்குக் கல் மாதிரி கேள்வியும் போனால், காப்பியைத் தடுத்துவிட்டு அநியாயத்தை உள்ளே விட்டதாகும். ஒவ்வொரு வடிவத்துக்கும் எத்தனை பேர் சரியாக விடை எழுதினார்கள் என்று பிறகு எண்ணிப் பார்ப்பது அவசியம். இந்த வேலையை யாரும் செய்வதில்லை, சலிப்பான வேலை என்பதால்.

மூன்றாவது வழி, கேள்வியின் தன்மையையே மாற்றுவது. பி.காம் முதலாண்டில் தேய்மானம், அதாவது ஒரு பொருளின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதைக் கணக்கில் காட்டுவது, பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். ‘நேர்க்கோட்டு முறைக்கும் குறைந்து செல் மதிப்பு முறைக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக’ என்பது காலகாலமாக வருவது. வீட்டில் எழுதும் தேர்வில் இதைக் கேட்டால், யார் புத்தகத்தில் சீக்கிரம் பக்கம் புரட்டுகிறார் என்றுதான் தெரியும்.

இதையே இப்படிக் கேட்கலாம். ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் ₹2,00,000-த்தோடு, உங்கள் பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை ஆயிரத்தால் பெருக்கிய தொகையையும் சேர்த்து, அந்த விலைக்கு ஒரு இயந்திரம் வாங்குகிறார். ஐந்து ஆண்டுகளில் அது எதற்கும் உதவாமல் போய்விடும். அடுத்த ஆண்டு அவர் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்க இருக்கிறார். இரண்டு முறைகளிலும், 20 சதவீதம் என்று வைத்து, கணக்குப் போட்டுக் காட்டி, எதைப் பரிந்துரைப்பீர்கள், ஏன் என்று எழுதுங்கள்.

கடைசி இலக்கங்கள் 37 என்றால் விலை ₹2,37,000. நேர்க்கோட்டு முறையில், வாங்கிய விலையில் 20 சதவீதமாக, ஆண்டுக்கு ₹47,400. குறைந்து செல் மதிப்பு முறையில், அந்தந்த ஆண்டு மீதமிருக்கும் மதிப்பில் 20 சதவீதமாக, முதல் ஆண்டு அதே ₹47,400, இரண்டாம் ஆண்டு ₹37,920. பக்கத்து மாணவரின் தாளில் வேறு எண்கள் இருக்கும், அப்படியே எழுத முடியாது. அதைவிட முக்கியம், பரிந்துரைக்கு ஒரே சரியான விடை கிடையாது. காரணம் எப்படிச் சொல்கிறார் என்பதற்குத்தான் மார்க். அதனால் எதற்கு எவ்வளவு மார்க் என்ற அளவுகோலைத் தேர்வுக்கு முன்பே எழுதிவைத்து, மாணவர்களிடமும் காட்டிவிட வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் ஒரே பத்துத் தாள்களைத் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிட்டுப் பார்த்தால், அளவுகோல் வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் சாட்ஜிபிடி வந்தது

2022 நவம்பர் வரை மேலே சொன்னது போதுமானதாக இருந்தது. இப்போது அந்த ஜெராக்ஸ் கடைக் கேள்வியை, கேட்டதை எழுதித் தரும் ஏஐ மென்பொருளான சாட்ஜிபிடியில் அப்படியே ஒட்டினால், கணக்கும் வரும், பரிந்துரையும் வரும், நல்ல ஆங்கிலத்திலும் வரும்.

பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உளவியல் துறையில் மாணவர்கள் வீட்டிலிருந்து எழுதும் தேர்வில் 33 கற்பனை மாணவர்களின் பெயரில் ஏஐ எழுதிய விடைகளைப் போட்டுவைத்தார்கள். திருத்தியவர்களுக்கு விஷயம் தெரியாது. 94 சதவீத விடைகள் சந்தேகத்துக்கே ஆளாகவில்லை. சராசரியாக நிஜ மாணவர்களைவிடக் கூடுதல் மார்க்கும் வாங்கின. முடிவு 2024 ஜூனில் வெளியானது.

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் மூடிவிட்டது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளான டர்னிட்டினின் ஏஐ கண்டறியும் வசதியை அதே ஆண்டு ஆகஸ்டில் அணைத்துவைத்தது. அவர்கள் போட்ட கணக்கு எளிது: 2022-ல் சமர்ப்பித்த தாள்கள் 75,000, தவறாகச் சந்தேகிப்பது 1 சதவீதம் என்று நிறுவனமே சொல்கிறது, அப்படியானால் 750 தாள்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் கண்டது நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஏஐ எழுதியது என்று அவை சொல்லின. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதுகிற நம் பிள்ளைகள்தான் இதில் முதலில் மாட்டுவார்கள்.

ஆக, எழுதிக் கொடுத்த தாளை மட்டும் வைத்து அதை எழுதியது யார் என்று நிரூபிக்க இப்போது வழியில்லை. எழுதியவரோடு பேசித்தான் ஆக வேண்டும். நம் ஊர் ஆய்வகத் தேர்வில் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்கும் வாய்மொழித் தேர்வு, வைவா இருக்கிறதே, அதுதான் இப்போதைக்குக் கிடைத்துள்ள சிறந்த கருவி. ஜெராக்ஸ் கடைக் கேள்விக்கு விடை எழுதியவரை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, ‘முதல் வருஷம் ரெண்டு முறையிலும் ஒரே தொகை வந்திருக்கே, ஏம்ப்பா?’ என்று கேட்டால் போதும். தானே கணக்குப் போட்டவர், முதல் ஆண்டில் இரண்டுமே வாங்கிய விலையின் மீதுதான் கணக்கிடப்படுகின்றன என்று சொல்லிவிடுவார். அடுத்து, ‘அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு முறையில பூஜ்யம், இன்னொண்ணுல 77,660 ரூபாய் மிச்சம் நிக்குது. மெஷினைக் காயலான் கடைக்குப் போட்டாச்சு. இந்த மிச்சத்தை என்ன பண்ணுவே?’ என்று கேட்கலாம். ஒட்டி எழுதியவர் இங்கே பெரும்பாலும் தடுமாறுவார். யாராக இருந்தாலும், நஷ்டமாகக் காட்ட வேண்டும் என்று தயங்கித் தயங்கியாவது சொல்லிவிட்டால் அவருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம்.

60 பேர் வகுப்பில் ஆளுக்கு 3 நிமிடம் என்றால் 3 மணி நேரம். அதுவும் முடியாது என்றால் குலுக்கலில் 15 பேரை எடுக்கலாம், யார் பெயர் வரும் என்று முன்கூட்டித் தெரியாத வரைக்கும். இதற்குத் தனி மார்க் போடக் கூடாது என்பது என் கட்சி. பேசக் கூச்சப்படும் பிள்ளை அதில் அடிவாங்கும். தாளில் உள்ளது அவருடையதுதானா என்று பார்க்க மட்டும் பயன்படுத்தி, சந்தேகம் இருந்தால் நேரில் வரச் சொல்லி மறுதேர்வு வைக்கலாம். தமிழில் பதில் சொல்லவும் அனுமதிக்க வேண்டும். தேய்மானம் தெரியுமா என்பதுதான் கேள்வி, இங்கிலீஷ் தெரியுமா என்பது இல்லை.

சரி, லட்சக்கணக்கானவர்கள் எழுதும் செமஸ்டர் தேர்வுக்கு வைவா வைக்க முடியுமா? முடியாது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பல, நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகளை வைத்து ஒரே வினாத்தாளில் தேர்வு நடத்துபவை. அங்கே வகுப்பாசிரியரின் கைக்கு எட்டுவது இன்டர்னல் மார்க் மட்டும்தான். அதனால் எல்லாத் தேர்வுகளையும் ஒரே மாதிரி காவல் காக்க வேண்டாம் என்ற முடிவுக்குப் பலர் வந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம் இதை இரு பாதைகளாகப் பிரித்திருக்கிறது. ஒரு பாதையில் ஆசிரியர் முன்னிலையில் நடக்கும் பாதுகாப்பான தேர்வுகள். மற்றதில் ஏஐ உட்பட எதையும் பயன்படுத்திச் செய்யும் பணிகள். முதல் பாதையில் எண்ணிக்கை குறைவு, கட்டுப்பாடு முழுமை. இரண்டாவது கற்றுக்கொள்வதற்கானது.

இதைக் கேட்டு வியக்க வேண்டியதில்லை, ஏறத்தாழ இதே ஏற்பாடு சென்னையிலேயே இருக்கிறது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் ஆன்லைன் படிப்புகளில் வாராந்தர அசைன்மென்ட் ஆன்லைனில், சான்றிதழ் தேர்வு மட்டும் மையத்தில் நேரில். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டும் என்றால் 25-க்கு 10-ம், 75-க்கு 30-ம் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். அசைன்மென்டில் யாரையோ பிடித்து 25-ம் வாங்கினாலும், மையத்தில் 30 எடுக்காவிட்டால் சான்றிதழ் கிடையாது. ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்பிலும் பாடம் வீட்டில், வினாடிவினாவும் இறுதித் தேர்வும் மையத்தில். லண்டனின் பழைய வழக்கம்தான் சுற்றி வளைத்துத் திரும்பியிருக்கிறது.

நடத்துபவர்கள் மறந்துவிடுகிற சில்லறை விஷயங்கள்

சில்லறை என்று சொன்னாலும் சண்டை வருவது இங்கேதான். அப்லோடுக்குத் தனி நேரம் வேண்டும். பத்துப் பக்கத்தைப் போனில் ஒவ்வொன்றாகப் படமெடுத்து, நேராக்கி, பிடிஎஃப் ஆக்கி, 2 எம்பி-க்குள் சுருக்கி அனுப்புவது பழகாதவருக்கு அரை மணி நேர வேலை. மாடியில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் வீட்டில் இன்னும் கூடும். நெட் கட் ஆனால் எந்த எண்ணுக்குப் பேசுவது, எந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது, எவ்வளவு நேரத்துக்குள் என்பதெல்லாம் தேர்வுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். தேர்வன்று சமயோசிதமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சிபாரிசு உள்ளவருக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு ஒரு நியாயம் என்றாகிவிடும்.

முறைகேடு என்று ஒருவரைக் குற்றம்சாட்டினால், எந்த நிமிடத்து வீடியோ, எந்த வரி என்று அவருக்குக் காட்டி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, மென்பொருளோடு சம்பந்தமில்லாத ஒரு மனிதர் முடிவெடுக்க வேண்டும். பதிவான வீடியோ எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம், எப்போது அழிக்கப்படும் என்று மாணவர் கேட்டால் கல்லூரி அலுவலகத்தில் பதில் இருக்க வேண்டும். 2020-ல் புரொக்டர்யூவின் தரவுத்தளத்திலிருந்து சுமார் 4,44,000 பேரின் விவரங்கள் வெளியே கசிந்தன.

மாதிரித் தேர்வு ஒன்று கட்டாயம் வேண்டும். மாணவர் எந்தப் போனில், எந்த நெட்டில் நிஜத் தேர்வு எழுதப்போகிறாரோ, அதே போனில், அதே நெட்டில், அதே நேரத்தில். கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் உட்கார வைத்து மாதிரித் தேர்வு நடத்திவிட்டு ‘எல்லாம் நன்றாக நடந்தது’ என்று அறிக்கை அனுப்பும் கூத்தை இனியாவது விட்டுவிடலாம்.